கோணல் கோடு

கோடை விடுமுறையில் எங்கள் பங்குச் சிறுவர்க்கு மறைக்கல்வி வகுப்புகள் நடத்துவது வழக்கம். மாலை நேரத்தில் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். அப்போது ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்து, கோயில் வளாகத்திலுள்ள புளியமரத்தை வரையச் சொல்வேன். சென்ற கோடையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கூட்டத்தினின்று விலகி, தனியே அமர்ந்து வரைந்துகொண்டிருந்தான். அரைமணி கழித்து அவனுடைய தாளைப் பார்த்தேன். அதில் மரத்தைக் காணோம். நடுவே ஓர் ஓட்டைதான் இருந்தது. வரைந்த கோட்டை ரப்பரால் அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது.

"கோடு கோணலாப் போயிடுதுங்க சாமி. எங்கப்பா பார்த்தா திட்டுவாருங்க" என்றான், கண்களில் நீர் தளும்ப.

அன்பார்ந்த வாசகர்களே, அந்தத் தாளின் ஓட்டை பல நாள் என் மனத்தை விட்டு அகலவில்லை. பத்து வயதிலேயே பிழைக்கு அஞ்சும் அச்சம் ஒரு குழந்தையின் விரல்களில் குடியேறிவிட்டதே! எல்லாரையும் ஓவியராக்க வேண்டும் என்பதற்காக இதனை எழுதவில்லை. கண்ணால் கண்டதை அச்சமின்றி, தாராளமான கோடுகளால் தாளில் இடும் பழக்கம் நம் இல்லங்களில் வளர வேண்டும் என்பதே என் ஆசை. ஏன் வளர வேண்டும் என்பதை இறுதியில் சொல்கிறேன்.

நம் மண்ணின் ஓவியர்கள்

இக்கலை நமக்குப் புதியதன்று. காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் 1888-இல் பிறந்த இராமலிங்கம் பிள்ளையை நாம் நாமக்கல் கவிஞர் என்றே அறிவோம். அவர் கவிஞராகப் புகழ் பெறுவதற்கு முன்பே ஓவியராக விளங்கியவர். உருவப் படங்கள் வரைவதில் தேர்ந்தவர். அதே நாமக்கல்லில் 1919-இல் சீனிவாசன் என்றொரு குழந்தை பிறந்தது. குடைவரைச் சிற்பங்களைத் தன்னுள் தாங்கிய குன்றின் அடியில் வளர்ந்த அந்தப் பிள்ளையின் கைத்திறனைக் கண்டுகொண்டு, சென்னை ஓவியக் கல்லூரிக்குச் செல்லத் தூண்டியவர் நாமக்கல் கவிஞரே. அந்நாளில் அக்கல்லூரிக்குத் தலைமை வகித்தவர், மெரீனாக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையைப் படைத்த தேவிபிரசாத் ராய் சௌதுரி.

சீனிவாசன் பின்னர் ஆனந்த விகடனில் சேர்ந்தார். அங்கிருந்த ஓவியர் மாலி அவருக்குச் 'சில்பி' என்று பெயரிட்டார். 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்னும் தொடருக்காகச் சில்பி ஊர் ஊராகச் சென்றார். சிற்பத்தின் எதிரிலேயே அமர்ந்து அதனைக் கோடுகளாக்கினார். 1983-இல் மறையும்வரை அவர் செய்த பணி இதுவே. புகைப்படக் கருவி அந்நாளிலும் இருந்ததே, ஏன் அமர்ந்தார்? கருவி கண்ணிமைக்கும் நேரத்தில் பதிவு செய்துவிடும்; வரைபவனோ ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருமுறையேனும் பார்த்தாக வேண்டும். ஆயிரம் கோடுகள் வரைந்தால் ஆயிரம் முறை பார்த்தவனாகிறான்.

சில்பிக்குப் பெயரிட்ட மாலியின் வழி வேறு. சில்பி நுணுக்கங்களை ஒன்றுவிடாமல் அடுக்குவார். மாலியோ சில வீச்சுகளிலேயே ஒரு சங்கீத வித்துவானின் முகத்தையும் தலையாட்டலையும் நம் முன் கொணர்ந்துவிடுவார். கொல்லிமலைக்குக் கிழக்கே, துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938-இல் பிறந்த ஆதிமூலமும் இத்தகைய வீச்சுக் கோட்டுக்குப் பேர்போனவர். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969-இல் அவர் கறுப்பு வெள்ளைக் கோடுகளால் வரைந்த காந்தி ஓவியங்கள் புகழ்பெற்றவை. பார்ப்போர்க்கு அக்கோடுகள் விளையாட்டாக இழுத்தவை போலத் தோன்றும். ஆயினும் குறைந்த கோட்டில் முகம் தெரிய வேண்டுமானால், எதை விடலாம், எதை விடலாகாது என்பதைக் கண் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். ஆகவே தளர்வான கோடு என்பது கவனமின்மை அன்று. கவனம் முதிர்ந்து அச்சம் நீங்கியதன் அடையாளம்.

கற்கும் முறை

இதனைக் கற்பிக்கும் ஆசிரியை உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறார். விடியற்காலையில் கோலமிடும் தாய்மாரைக் கவனியுங்கள். அவர்கள் ரப்பர் வைத்துக்கொள்வதில்லை. விரலை மட்டும் அசைப்பதில்லை. தோளிலிருந்து கை முழுவதும் நகர்கிறது. கண் விழும் மாவின்மேல் நிற்பதில்லை. கோடு போய்ச் சேர வேண்டிய புள்ளியின்மேல் நிற்கிறது. ஓவியக் கோட்டுக்கும் இதுவே இலக்கணம்.

முதலாவது, பென்சிலைத் தொடாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். மரம் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது? எங்கே பருத்திருக்கிறது? கிளைகளுக்கு இடையே தெரியும் வானத்துண்டுகள் என்ன வடிவில் இருக்கின்றன? அந்த வெற்றிடங்களைச் சரியாக வரைந்தாலே கிளைகள் தாமாக அமைந்துவிடும்.

இரண்டாவது, பென்சிலை முனையருகே இறுக்கிப் பிடிக்காமல் சற்றுப் பின்னே தளர்த்திப் பிடியுங்கள். தாள் பெரியதாக இருக்கட்டும். கோட்டின் தொடக்கத்தையும் முடிவையும் மனத்தில் குறித்து, காற்றிலே ஒருமுறை கையை ஓட்டிப் பார்த்து, பின்னர் ஒரே மூச்சில் இழுங்கள். முடி முடியாகப் பல சிறு கோடுகளை ஒட்டவைப்பது தயக்கத்தையே காட்டும்.

மூன்றாவது, தாளைப் பாராமலே வரையுங்கள். ஒரு பொருளின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோலக் கண் மெல்ல ஊரட்டும். அதே வேகத்தில் பென்சிலும் நகரட்டும். அமெரிக்க ஓவிய ஆசிரியர் கிமோன் நிக்கோலைட்ஸ் வலியுறுத்திய பயிற்சி இது. அவர் மறைந்தபின் 1941-இல் வெளிவந்த நூலில் இதனை விளக்கமாகக் காணலாம். படம் சிரிப்பூட்டுவதாக அமையும். அமையட்டும், பயிற்சி கண்ணுக்குத்தான்.

நான்காவது, அசைவனவற்றை அரை நிமிடத்தில் வரையுங்கள். மேயும் ஆடு, தலையில் குடம் சுமப்பவர், தறியில் குனிந்திருப்பவர் என எதுவாயினும் சரி. அந்நேரத்திற்குள் உருவம் முழுவதும் அகப்படாது, அசைவு அகப்படும். அதுவே உயிர்.

ஐந்தாவது, ரப்பரை எடுத்து வைத்துவிடுங்கள். கோடு தவறினால் அதன் அருகிலேயே சரியான கோட்டை இடுங்கள். டச்சு நாட்டுப் பேரோவியர் ரெம்பிராண்டின் பேனா ஓவியங்களில்கூட இவ்வாறு திருத்திய கோடுகளைக் காணலாம். அவர் தம் பிழையை மறைக்க முயலவில்லை.

"வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது" என்பவர்களுக்கு ஒரு சொல். ஓவியர் கோபுலு பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தபோது, முதிய வயதில் இடக்கையால் வரையப் பழகினார். அவருக்குக் கை மாறிற்று, கண் மாறவில்லை.

ஆடு தந்த நற்செய்தி

ஓட்டைத் தாள் சிறுவனை மறுநாள் அழைத்தேன். ரப்பரை வாங்கிக்கொண்டு பேனா ஒன்றைக் கொடுத்தேன். கோயிலருகே அவர்கள் வீட்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அரை நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்துப் படம் வரையச் சொன்னேன். முதல் ஐந்தும் என்னவென்றே விளங்கவில்லை. ஆறாவதில் கழுத்து வந்தது. பத்தாவதில் ஏழெட்டுக் கோடுகளே இருந்தன. ஆயினும் ஆடு நின்றது.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவன் தந்தை என்னைத் தேடி வந்தார், விசைத்தறித் தொழிலாளி. மகனைக் குறைசொல்லப் போகிறாரோ என்று எண்ணினேன். அவரோ மடித்த தாளைப் பிரித்துக் காட்டி, "இது எங்க ஆடேதானுங்க சாமி. பின்னங்கால் நொண்டறதுகூடத் தெரியுதுங்க" என்றார். நானும் அப்போதுதான் கவனித்தேன். ஆட்டின் நொண்டலை மகன் கண்டான்; மகனின் பார்வையைத் தந்தை கண்டார்.

கண்டும் விலகியவர்கள்

இனி, தொடக்கத்தில் சொல்வதாகக் கூறியதற்கு வருகிறேன். நான் ஐம்பது வயதைக் கடந்த பின்னரே பென்சிலை எடுத்தவன். மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்வேன். அவர்களுள் ஒருவர் தனித்து வாழும் மூதாட்டி. இளமையில் ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்தவர். நான்கு ஆண்டுகளாக அவர் இல்லத்துக்குச் சென்று வந்தேன். ஒருநாள் செபம் முடிந்தபின், "அம்மா, உங்கள் கையை வரையட்டுமா?" என்று கேட்டேன். "இந்தக் கையில என்னங்க சாமி இருக்குது?" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார்.

ஓரத்தில் ஊர்ந்த என் கண் மோதிர விரலில் நின்றது. அடிப்பகுதியில் ஓர் ஒடுங்கிய வட்டம். ஐம்பது ஆண்டுகள் மோதிரம் அழுத்திய தடம். மோதிரம் இல்லை. தயங்கிக் கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "மருந்துக்கு வித்துட்டனுங்க. யாருகிட்டயும் சொல்லலீங்க."

அது அவருடைய திருமண மோதிரம். எத்தனையோ முறை அந்தக் கையைப் பற்றி ஆசி வழங்கியிருக்கிறேன், ஒருமுறையும் பார்த்ததில்லை. அன்று அந்த ஓவியத்தை நான் முடிக்கவில்லை. பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் அன்றுமுதல் அவருக்கு வேண்டிய மருந்தை வாங்கித் தருகின்றனர்.

நல்ல சமாரியர் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனை முதலில் கண்டவர் ஒரு குரு. அவர் காணாமல் போகவில்லை; கண்டும் விலகிச் சென்றார். எத்தனையோ முறை பிரசங்கித்த உவமை அது. அந்தக் குரு யார் என்பது அன்று எனக்கு விளங்கிற்று.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினால், "கோணல்" என்று முதலில் சொல்லாதீர்கள். "எதைப் பார்த்து வரைந்தாய்?" என்று கேளுங்கள். வாரத்தில் ஒரு மாலை தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் சற்றே ஒதுக்கி, குடும்பமாக அமர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் வரைந்து பாருங்கள். படம் எவ்வாறு அமைந்தாலும் சரி. உங்கள் துணைவியின் நெற்றியில் புதிதாக விழுந்திருக்கும் கோட்டையும், உங்கள் தந்தையின் கண்களில் தேங்கியிருக்கும் களைப்பையும் அன்று நீங்கள் காண்பீர்கள்.

வயல்வெளி மலர்களையும் வானத்துப் பறவைகளையும் உற்று நோக்கச் சொன்ன நம் ஆண்டவர், அடுத்திருப்பவரையும் உற்று நோக்கும் கண்களை நமக்கு அருள்வாராக.