உங்களுக்குத் தெரியுமா? ஊர் மாறி வந்து கோப்பை தூக்கிய அணி!

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் 2025-ல் சாம்பியன் ஆன அணி ஓக்லஹோமா சிட்டி தண்டர். 2008 வரை அந்த அணிக்கு ஊரும் வேறு, பேரும் வேறு. பிடுங்கி நட்ட நாற்று புது மண்ணில் வேர்பிடித்த கதை இது.

● பறக்காத விமானத்தின் பெயர்: 1967-ல் சியாட்டில் நகரில் பிறந்த இந்த அணிக்கு முதலில் வைத்த பெயர் சூப்பர்சானிக்ஸ். ஒலியைவிட வேகமாகச் செல்லும் பயணிகள் விமானத்தை அப்போது போயிங் நிறுவனம் அந்த ஊரில் வடிவமைத்து வந்தது. அதை நினைத்து வைத்த பெயர். விமானம் கடைசிவரை பறக்கவில்லை. அணியோ 1979-ல் கோப்பையையே வென்றது.

● புயல் திறந்த கதவு: 2005-ல் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸைச் சிதைத்தது. அந்த ஊரின் ஹார்னெட்ஸ் அணி இரண்டு சீசன்களுக்கு ஓக்லஹோமா சிட்டியில் தஞ்சம் புகுந்தது. அதுவரை பெரிய லீக் அணி எதையும் சொந்தமாகக் கண்டிராத ஊர் அது. ஆனாலும் அரங்கில் கூட்டம் திரண்டது. ஓர் அணியைத் தாங்கும் தெம்பு தனக்கு உண்டு என்று அந்த ஊர் காட்டியது அப்போதுதான்.

● கைமாறிய சொத்து: 2006-ல் ஸ்டார்பக்ஸ் புகழ் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் தலைமையிலான குழு, சூப்பர்சானிக்ஸையும் மகளிர் அணியான ஸ்டார்மையும் சேர்த்து 35 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் ஓக்லஹோமாவின் கிளே பென்னட் குழுவினர். சியாட்டிலில் புது அரங்கம் கட்ட அரசுப் பணம் கிடைக்கவில்லை, அணியை ஓக்லஹோமா சிட்டிக்கு மாற்ற அவர்கள் முடிவெடுத்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போய், 2008 ஜூலையில் சமரசம் ஆனது. சியாட்டில் நகர நிர்வாகத்துக்கு 4.5 கோடி டாலர் கிடைத்தது, அணி கிளம்பியது.

● கூட வராத பெயர்: வீரர்கள் போனார்கள். சூப்பர்சானிக்ஸ் என்ற பெயரையும் பச்சை, மஞ்சள் நிறங்களையும் சியாட்டில் விட்டுக்கொடுக்கவில்லை. 41 சீசன்கள் கூடவே இருந்த அணியை இழந்த ரசிகர்களுக்கு மிஞ்சியது அதுதான். தண்டரின் வெற்றியைப் பேசும்போதெல்லாம் அவர்களின் வலியையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

● 32-ல் 3: புது ஊரில் முதல் 32 ஆட்டங்களில் ஜெயித்தது மூன்றே மூன்று! அடுத்த சீசனிலேயே 50 வெற்றி. 2012-ல் இறுதிச்சுற்றுக்கே வந்துவிட்டார்கள். அணியின் தூண்களான கெவின் டுரான்ட், ரஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன், செர்ஜ் இபாகா ஆகிய நால்வரில் ஒருவருக்குக்கூட அப்போது 24 வயது நிரம்பவில்லை. மயாமி ஹீட்டிடம் 4-1 என்று தோற்றார்கள்.

● மூன்று முத்துகள்: டுரான்ட் (2014), வெஸ்ட்புரூக் (2017), ஹார்டன் (2018) மூவருமே லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதை வென்றவர்கள். மூவரும் ஒரே சட்டையில் மூன்று சீசன்கள் ஆடியும் கோப்பை கைகூடவில்லை. ஹார்டன் விருது வாங்கியபோது ஹூஸ்டன் வீரராகிவிட்டார்.

● 168 நாற்காலிகள்: 1995 ஏப்ரல் 19-ல் ஓக்லஹோமா சிட்டியில் நடந்த குண்டுவெடிப்பு 168 உயிர்களைப் பறித்தது. நினைவிடத்தின் புல்வெளியில் ஓர் உயிருக்கு ஒன்றாக 168 வெற்று நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அவற்றில் 19 சிறியவை, குழந்தைகளுக்காக. தண்டரில் சேரும் புது வீரரை நிர்வாகம் இங்கே அழைத்து வருவது வழக்கம். எந்த மக்களுக்காக ஆடப்போகிறோம் என்பதை அந்தச் சின்ன நாற்காலிகளே சொல்லிவிடும்.

● விதைத்த ஆண்டு: 2019-ல் நட்சத்திர வீரர் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, பொது மேலாளர் சாம் பிரெஸ்டி வாங்கியது ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர் என்ற 20 வயது இளைஞரை. கூடவே, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் பல முதல் சுற்று வாய்ப்புகள். அதில் ஒன்றில் கிடைத்தவர்தான் ஜேலன் வில்லியம்ஸ்.

● 73 புள்ளி அடி: 2021 டிசம்பர் 2 அன்று மெம்பிஸிடம் 152-79 என்று தோற்றது தண்டர். என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி. அப்போதும் பயிற்சியாளர் மார்க் டெய்க்னால்ட்டை மாற்றவில்லை. இந்த அணியின் உயர்வுக்கு முதல் காரணம் அந்தப் பொறுமைதான்.

● அறுவடை: நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 2024-25 சீசனில் 68 வெற்றி, 14 தோல்வி. இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் இண்டியானாவை 103-91 என்று வீழ்த்தி கோப்பை. சீசனின் சிறந்த வீரர், அதிகப் புள்ளி குவித்தவர், இறுதிச்சுற்று நாயகன் என மூன்று பெருமையும் ஷாய்க்கே! ஒரே சீசனில் இதற்கு முன் இதைச் சாதித்தவர்கள் மூவர் மட்டுமே: கரீம் அப்துல்-ஜப்பார், மைக்கேல் ஜோர்டன், ஷகீல் ஓ'நீல்.

● நின்றபடி ஒரு வரவேற்பு: புது அரங்கம் கட்ட வரி தரச் சம்மதமா என்று 2023 டிசம்பரில் ஊர் மக்களிடம் கேட்டார்கள். சுமார் 71 சதவீதம் பேர் சம்மதம் என்று வாக்களித்தார்கள். இதே மக்கள் ஆட்டம் தொடங்கும்போது எழுந்து நிற்பார்கள். தங்கள் அணியின் முதல் பந்து கூடைக்குள் விழும்வரை உட்கார மாட்டார்கள். 32-ல் 3 ஜெயித்தபோது நின்றவர்கள், சாம்பியன் ஆன பிறகும் நிற்கிறார்கள்.