ஆலை வாசலில் லாரியும் ஆளும்

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் கரும்பு லாரிகளும் டிராக்டர்களும் எடைமேடைக்கு வரிசை கட்டும். கயிறு அவிழ்ப்பவர், சிதறிய கரும்பை அள்ளுபவர், கிளீனர் என்று ஆட்கள் அந்த வண்டிகளுக்கு நடுவே நடந்தபடியே இருப்பார்கள். இத்தகைய இடங்களில் ஊர்ந்து செல்லும் லாரியே உயிரைப் பறிக்கப் போதுமானது.

ஓட்டுநர் வலப்பக்கத்தில், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடது கதவை ஒட்டி நிற்பவரும், முன் பம்பருக்குக் கீழே குனிபவரும், வண்டிக்கு நேர் பின்னால் இருப்பவரும் அவர் கண்ணில் படுவதில்லை. பக்கக் கண்ணாடி ஓரளவு உதவும். கரும்புக் கட்டு வெளியே பிதுங்கினால் அதுவும் மறைந்துவிடும்.

வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டி வரும். அச்சுகளுக்கிடையே 5 மீட்டர் நீளமுள்ள லாரியின் முன்சக்கரம் 10 மீட்டர் ஆரத்தில் வளைந்தால், பின்சக்கரம் ஏறத்தாழ 1.3 மீட்டர் உள்ளே தள்ளி உருளும். முன்சக்கரம் தாண்டிவிட்டதே என்று நிம்மதியாக நிற்பவர் பலசமயம் அந்த 1.3 மீட்டருக்குள்தான் நிற்கிறார். டிரெய்லர் பூட்டிய டிராக்டரில் இந்த வெட்டு இன்னும் கூடும்.

எல்லாவற்றிலும் கொடியது ரிவர்ஸ். மணிக்கு 5 கி.மீ. என்பது ஆள் நடக்கும் வேகம், நொடிக்கு 1.4 மீட்டர். அலறல் கேட்டு ஓட்டுநரின் கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆனாலே வண்டி 2 மீட்டர் வந்துவிடும். "வா, வா, வரலாம்" என்று பின்னால் நின்று குரல் கொடுக்கும் கிளீனருக்கும் சுவருக்கும் நடுவே அவ்வளவு இடம் இருப்பதில்லை. அவர் நசுங்கினால் கவனக்குறைவு என்று எழுதி முடிப்பது அநியாயம். அவரை அங்கே நிறுத்தியது வேலைமுறை. அவர் நிற்க வேண்டிய இடம் வலப்பக்கக் கண்ணாடியில் தெரியும் ஓரம். கண்ணாடியிலிருந்து அவர் மறைந்த கணமே வண்டி நின்றுவிட வேண்டும்.

கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றும்போது சரிவும் சேர்ந்துகொள்கிறது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் 15 டன் வண்டியைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 1.5 டன் எடைக்குச் சமம். நான்கு பேர் தோள் கொடுத்து நிறுத்த முடியாது. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஆப்புக் கட்டையும் வைத்த பிறகே ஆள் ஏற வேண்டும். கைக்கு அகப்பட்ட உருண்டைக் கல் ஈர மண்ணில் நழுவிவிடும்.

இரவு வேலைக்கு ஒளி திருப்பும் மேலாடையும் நல்ல விளக்கும் தேவை. ஆனால் ஆலை முற்றத்தில் பெரிய பலன் தருவது பாதை அமைப்பு. வண்டி ஒரு வாசலில் நுழைந்து, சுற்றி, மறு வாசலில் வெளியேறும்படி செய்தால் ரிவர்ஸ் எடுக்கும் தேவையே பெரும்பாலும் ஒழியும். நடப்பவர்களுக்குத் தடுப்புக் கம்பியுடன் தனி வழியும் விடலாம்.