ஜீப் வண்டியின் அடிப்பாகத்தைக் காத்தல்

மாத்தளை மாவட்டத்தில் லக்கலை, இரத்தோட்டை மலைப்பாதைகளினூடாகத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிச்செல்லும் ஜீப் வண்டிகளுக்குக் கல்லே முதற் பகை. எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி மெல்லிய தகட்டாலானது. அது பிளந்து எண்ணெய் ஒழுகியபின்னும் ஓட்டினால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். போஞ்சியும் தக்காளியும் வழியிலேயே வாடும்.

தொட்டியின் கீழே தடித்த உருக்குத் தகடொன்றை வண்டிச் சட்டத்துடன் மரையாணியிட்டுப் பொருத்துதல் வேண்டும். தகடு தொட்டியைத் தொடலாகாது. சேறு வடியத் துளைகள் இருத்தல் அவசியம். அறுவடை வயலினூடு சென்றால் தகட்டின்மேல் வைக்கோல் சேரும். சூடான புகைக்குழாயிற் பட்டு அது தீப்பற்றுவதுமுண்டு. பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. அன்றன்றே களைந்துவிடுக.

பெருங்கல்லைச் சில்லுகளின் நடுவே விட்டு ஓட்டுதல் தவறு. அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியே தரைக்கு மிக அண்மையிலிருப்பது. சில்லை மெதுவாகக் கல்லின்மேல் ஏற்றி இறக்குதலே தக்கது.