உஷார்! இறக்கையில் ஐஸ் பிடிக்கிறது

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள அமெரிக்கா, கனடா என்று கிளம்பும் பிள்ளைகளே, கொஞ்சம் நில்லுங்கள்! மதுரை வெயிலில் வளர்ந்த உங்களுக்கு ஐஸ் என்றால் ஃப்ரிட்ஜில் இருப்பது. அங்கே அது இறக்கையில் வந்து உட்காரும். ஆளையே தூக்கிவிடும்.

மேகத்துக்குள் இருக்கும் தண்ணீர் மைனஸ் 10 டிகிரியில்கூட உறையாமல் துளியாகவே மிதக்கும். ஏதாவது வந்து மோதினால் போதும், அந்த நொடியே ஐஸ். மோதப்போவது உங்கள் குட்டி விமானம்!

"கொஞ்சூண்டு ஐஸ்தானே, என்ன பெரிய எடை?" எடை கிடக்கட்டும். இறக்கையின் வடிவம் கெட்டுப்போகிறதே, அதுதான் எமன். முன்விளிம்பில் முரட்டு உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பு இருந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையும். காற்றின் இழுவை 40 சதவீதம் வரை கூடும்.

ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். ஒற்றை எஞ்சின், நாலு சீட். நவம்பர் மாத மேகம். இறக்கையைத் தாங்கும் கம்பியில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. "இன்னும் இருபது நிமிஷம்தானே, போயிடலாம்" என்று நினைத்தார். முன்கண்ணாடி மூடிக்கொண்டது. த்ராட்டிலை முழுக்கத் தள்ளியும் 110 நாட் வேகம் 85-க்கு வந்துவிட்டது. ஆட்டோபைலட்டோ, உயரத்தை விடக்கூடாது என்று சத்தமில்லாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டே இருந்தது. நல்ல வேளை, கீழே காற்று வெதுவெதுப்பாக இருந்தது. இறங்க இறங்க ஐஸ் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழ, பிழைத்தார். கீழேயும் உறைகுளிர் இருந்திருந்தால்? சொல்லவே வாய் வரவில்லை.

பெரிய விமானமே தப்பவில்லை, தெரியுமா? 1994 அக்டோபர் 31. இந்தியானா மாநிலம், ரோஸ்லான். ஐஸை உடைத்துத் தள்ளும் ரப்பர் பட்டைகள் ஏடிஆர்-72 விமானத்தில் இருந்தன. அந்தப் பட்டைகளுக்குப் பின்னால் போய் ஐஸ் படிந்தது. விமானம் விழுந்தது; 68 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பயிற்சி விமானங்கள் பலவற்றில் அந்தப் பட்டையே கிடையாது!

எப்படிக் கண்டுபிடிப்பது? மெல்லிய பாகங்களைப் பாருங்கள். வெப்பமானி முனையிலும் கம்பியிலும்தான் முதலில் படியும். சில ஐஸ் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், கண்ணுக்கே படாது. த்ராட்டிலைத் தொடாமலே வேகம் குறைகிறதா? ஐஸ்தான்! வேகமுள் அசையாமல் நிற்கிறதா? வேகத்தை அளக்க உதவும் பிட்டாட் குழாய் அடைத்திருக்கலாம், ஹீட்டரைப் போடுங்கள். ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) எச்சரிக்கை ஒலிக்கும் என்று காத்திருக்காதீர்கள். ஐஸ் பிடித்த இறக்கை அது ஒலிக்கும் முன்பே கைவிட்டுவிடும். தரையிறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பை முழுக்க இறக்காதீர்கள். வாலில் ஐஸ் இருந்தால் மூக்கு குப்புற விழும்.

முதல் கோடு தெரிந்ததும் வெளியேறுங்கள். வந்த வழியே திரும்புங்கள். கட்டுப்பாட்டு அறைக்கு உடனே சொல்லுங்கள்; அதில் வெட்கம் எதற்கு?

நம்மூரில் பறப்பவர்களே, சிரிக்காதீர்கள். ஈரப்பதம் இருந்தால் 25 டிகிரியிலும் கார்பரேட்டருக்குள் ஐஸ் பிடிக்கும், அதுவும் த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது. எஞ்சின் சுற்றுவேகம் (ஆர்பிஎம்) மெல்ல விழுந்தால், கார்பரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட்டை முழுக்க இழுங்கள். எஞ்சின் சில நொடி இருமும், உதறும். உருகின தண்ணீர்தான் உள்ளே போகிறது. பயந்துபோய் மறுபடி மூடிவிடாதீர்கள்!