ஜோடி மீன்கள் சண்டையிடுவது ஏன்?

சுவா சூ காங் அடுக்குமாடி வீடுகளில் உப்புநீர்த் தொட்டி வைத்துக் கோமாளி மீன் வளர்க்கும் அன்பர்கள் உள்ளனர். சிங்கப்பூரின் தென்தீவுகளில், புலாவ் ஹந்து போன்ற இடங்களின் பவளப் பாறைகளில், கடல் சாமந்திகளுக்கிடையே இயற்கையாகவே வாழும் மீன் இது. "ஜோடியாகத்தானே வாங்கினோம், ஒன்றையொன்று கடிக்கிறதே!" என்று வருந்துவோருக்குச் சில விளக்கங்கள்.

கோமாளி மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாகிறது. அடுத்தது அதன் துணையாகிறது. பெண் இறந்தால் அந்த ஆணே பெண்ணாக மாறும். 1977இல் பிரிக்கே தம்பதியர் 'நேச்சர்' இதழில் இதனை விளக்கினர். பெண் மீன் தன் தலைமையை நிலைநாட்டவே சிறியதை விரட்டுகிறது. சிறியது உடலை நடுக்கிப் பணிந்தால் பெரும்பாலும் சண்டை அடங்கிவிடும்.

பெண்ணாகிவிட்ட இரண்டைச் சேர்த்தால் எதுவும் பணியாது. ஆகவே அளவில் வேறுபட்ட இளம் மீன்களை ஒரே சமயத்தில் விடுவது நலம்.

கடலில் தோற்ற மீன் விலகிச் செல்லலாம். தொட்டியில் அதற்குப் போக்கிடமில்லை. துடுப்பு கிழிந்து, இரையெடுக்காமல் மூலையில் ஒதுங்கினால் உயிருக்கே ஆபத்து. உடனே துளையிட்ட தடுப்பு வைத்துப் பிரித்திடுங்கள். சில நாள் கழித்துச் சேர்த்தும் பகை தீராவிடில் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், அல்லது கடையில் ஒப்படையுங்கள். புண்ணியமென்று கருதி நீர்த்தேக்கத்தில் விட்டால், நன்னீரில் அது மடிந்துபோகும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த உயிரின் அச்சத்தையும் அறிந்து காப்பதே சீவகாருண்யம்.