நாற்றமும் மணமும்

தமிழில் ஒரு சொல் கெட்டுப்போன கதை வேடிக்கையானது. பழந்தமிழில் 'நாற்றம்' என்றால் வாசனை. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள், கண்ணனின் வாய் மணம் எப்படி இருக்கும் என்று வெண்சங்கிடம் விசாரிக்கும்போதும் 'நாறுதல்' என்ற வினையைத்தான் கையாளுகிறாள். இன்று அடுத்த வீட்டு மாமியிடம் "உங்கள் சமையல் நாறுகிறது" என்று சொல்லிப் பாருங்கள்! சொல் அப்படியே இருக்கிறது, ஊர் வழக்குதான் மாறிவிட்டது. நாக்கின் ருசியும் ஏறக்குறைய இப்படித்தான் என்பது என் கட்சி. "எனக்குப் பிடிக்கும், பிடிக்காது" என்று நாம் அடித்துச் சொல்வதில் பாதி, ஊர் நமக்குச் சொல்லிக் கொடுத்தது.

இதைச் சோதித்துப் பார்க்க சாணக்யபுரியைவிடப் பொருத்தமான இடம் தில்லியில் இல்லை. சாந்தி பத் சாலையின் இருபுறமும் தூதரகங்கள். கௌடில்ய மார்க் பக்கம் திரும்பினால் மாநில இல்லங்கள். உலகத்து அடுப்புகளில் பாதியும் பாரதத்து அடுப்புகளில் பாதியும் இங்கேதான் எரிகின்றன. பிரெஞ்சுக்காரருக்கு நெடியடிக்கும் பாலாடைக்கட்டி இல்லாமல் விருந்து நிறைவதில்லை. ஜப்பானியருக்குக் காலை உணவில் 'நாட்டோ' வேண்டும். சோயாவை வேகவைத்து, நொதிக்கவிட்டு, நூல் நூலாக இழுபடும் பதத்தில் சாப்பிடுவார்கள். பழகாத மூக்குக்கு அது பெரிய சோதனை. ஆனால் ஜப்பான் தூதரகத்துச் சமையலறையைப் பற்றி யாரும் போலீசில் புகார் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதே சோயாவை நாகாலாந்து மக்களும் வேகவைத்து நொதிக்க விடுகிறார்கள். அதற்குப் பெயர் 'அகூனி'. நாட்டோவையும் அகூனியையும் பக்குவப்படுத்துவது பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற ஒரே நுண்ணுயிர்தான். ஆனால் அகூனி சமைக்கப்படுவது தூதரக மதிலுக்குப் பின்னால் அல்ல. முனிர்க்காவிலும் ஹுமாயூன்பூரிலும், படிக்கவும் பிழைக்கவும் வந்த பிள்ளைகளின் வாடகை அறைகளில். 2007-ல் தில்லி போலீசின் மேற்கு மாவட்டப் பிரிவு, வடகிழக்கிலிருந்து வருபவர்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. மூங்கில் குருத்து, அகூனி போன்ற வாடையடிக்கும் பண்டங்களை அக்கம்பக்கத்தில் ரகளை வராமல் சமைக்க வேண்டும் என்பது அதில் ஒரு அறிவுரை. அதன் பின்னணியில் இருந்த அதிகாரியே அருணாசலப் பிரதேசத்துக்காரர். தம் மக்களுக்குத் தொல்லை வரக்கூடாதே என்ற அக்கறையாக இருக்கலாம். இருந்தாலும் மூக்கைச் சுளித்தவனுக்கு ஒன்றும் சொல்லாமல், அடுப்பு மூட்டியவனுக்கு மட்டும் புத்தி சொன்னால் எப்படி? நிக்கோலஸ் கார்கோங்கர் இதையே கருவாக வைத்து 2019-ல் 'அகூனி' என்று ஒரு படம் எடுத்தார். தோழியின் கல்யாணத்துக்காக ஒரு வேளை அகூனிக் கறி சமைக்க, சில இளைஞர்கள் தில்லியில் இடம் தேடி அலைவதுதான் கதை.

நம்மவர்கள் இதைப் படித்துவிட்டு "அது அவர்கள் பாடு" என்று நகர முடியாது. கருவாட்டை ஏழு சுற்றுக் காகிதத்தில் மடித்து, பெட்டியின் அடியில் ஒளித்து, ரயிலில் கொண்டு வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! வறுக்கும்போது ஜன்னலைச் சாத்தி, ஊதுபத்தி கொளுத்தி வைத்தவர்கள் எத்தனை பேர்! சைவர்களும் தப்பவில்லை. நல்லெண்ணெய்த் தாளிப்புக்கும் பெருங்காயத்துக்கும் "மதராஸிச் சமையல்" என்று முகம் திருப்பிய வீட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்று அதே வீதிகளில் இட்லி, தோசை மாவு பாக்கெட்டில் விற்கிறது. இட்லி அதே இட்லிதான், ஊர்தான் பழகிக்கொண்டது.

ஊரோடு ஒத்துப்போவது எது, எதிர்த்து நிற்பது எது என்பதும் இடத்துக்கு இடம் மாறுகிறது. காந்தியடிகளையே பாருங்கள். ராஜ்கோட்டில் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது, வெள்ளைக்காரனை விரட்டும் பலம் வரும் என்று நம்பி, நண்பனோடு ரகசியமாக மாமிசம் தின்றார். அங்கே அதுதான் கலகம். 1888-ல் லண்டன் போனார். எல்லோரும் மாமிசம் தின்னும் அந்த ஊரில், தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகக் காய்கறி தேடி அலைந்தார். ஹென்றி சால்ட்டின் நூலைப் படித்தபின் மனமொப்பிச் சைவரானார், லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் சேர்ந்தார். அங்கே கத்தரிக்காயே கலகம்! பின்னாளில், 1960-களில், அமெரிக்க ஹிப்பி இளைஞர்கள் வீட்டு மாட்டிறைச்சியை ஒதுக்கிவிட்டுத் தீட்டாத அரிசியைத் தேடியதும் இந்த ரகம்தான். அந்த அரிசி இன்று பெரிய கடைகளில் பளபளக்கும் பையில், கூடுதல் விலைக்கு விற்கிறது. எதிர்ப்பாகத் தொடங்கிய ருசி நாகரிகமாக முடிந்தது.

நம் கம்பும் கேழ்வரகும் அப்படித்தான். ஏழை வீட்டுக் கூழ் என்று விருந்தாளி கண்ணில் படாமல் மறைத்தார்கள். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தில்லியில் கூடிய ஜி-20 தலைவர்களின் விருந்திலும் சிறுதானியம் இடம்பிடித்தது. பாட்டியின் கூழுக்குப் பட்டாபிஷேகம்!

சாணக்யபுரியிலேயே ஒரு சாட்சி உண்டு. 2007 இறுதியில் மூடப்பட்ட சாணக்யா தியேட்டருக்குப் பக்கத்தில் உள்ள யஷ்வந்த் பிளேஸ், மோமோவுக்குப் பேர்போன இடம். 1959-க்குப் பின் திபெத்திய அகதிகள் வந்தார்கள். அவர்களும் நேபாளத்தவரும் பரப்பிய பண்டம் அது. இன்று தில்லிக்காரர்கள் அதைத் தந்தூரி அடுப்பில் சுட்டு, தங்கள் பூர்வீகச் சொத்துபோல் சாப்பிடுகிறார்கள். அகூனிக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். ஆனால் அதுவரை அந்தப் பிள்ளைகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் சமைக்க வேண்டுமா?

இங்கேதான் நம் பங்கு வருகிறது. அறை தேடி அலைந்த தலைமுறை போய், இன்று துவாரகாவிலும் மயூர் விஹாரிலும் நம்மவர்களே வீட்டுக்காரர்கள். பிடிக்காததை உண்ண வேண்டாம். விரதத்தை விடவும் வேண்டாம். அது அவரவர் உரிமை. வாடகைக்கு வருபவரிடம் வேலை என்ன, முன்பணம் எவ்வளவு என்று தாராளமாகக் கேளுங்கள். "என்ன சமைப்பீர்கள்?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் கைகட்டி நின்றவர்கள்தானே நாம்.