எவர்சில்வர் தகடும் எதிர் வரியும்

சரோஜினி நகர் மார்க்கெட்டில் எவர்சில்வர் சம்புடத்துக்கு நம்மவர்கள் பேரம் பேசும் அழகே தனி. ஆனால் அந்த விலைக்குள் சுங்க வரி எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். சென்ற சங்கக் கூட்டத்தில் ஒரு மாமி கேட்டார். சீனாக்காரன் தகட்டை மலிவாகக் கொடுத்தால் நமக்கு லாபம்தானே, அதற்குப் போய் வரி போடுவானேன் என்று. நல்ல கேள்வி.

மலிவில் இரண்டு வகை உண்டு. ஆலைக்காரர் சாமர்த்தியத்தால் விலை குறைந்தால் யாருக்கும் வழக்கில்லை. அந்நாட்டு அரசே குறைந்த வட்டிக் கடனும் சலுகை விலையில் நிலமும் கொடுத்து, அந்தச் சரக்கு இங்கே வந்து இறங்கினால்? அந்த மானியத்தைக் கணக்கிட்டு, அதற்கு ஈடாக நம் அரசு விதிப்பதுதான் கவுண்டர்வெய்லிங் வரி. 1975ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டம், 9ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. (அடிமாட்டு விலைக்கு ஒரு கம்பெனி இங்கே சரக்கைத் தள்ளினால் போடுவது ஆன்டி டம்பிங் வரி, அது வேறு.) சங்கதி பழையதுதான். மானியம் பெற்று வந்த ஐரோப்பிய பீட்ரூட் சர்க்கரைக்கு 1899லேயே, கர்சன் பிரபு காலத்தில், இங்கே இப்படி வரி போட்டார்கள்.

எது மானியம் என்பதில்தான் சண்டை. 2001இல் அமெரிக்கா நம் உருக்குத் தகடுகளுக்கு இதே வரியைப் போட்டது. பொதுத்துறை நிறுவனமான என்.எம்.டி.சி. மலிவாக இரும்புத்தாது கொடுப்பதையும் பின்னர் மானியக் கணக்கில் சேர்த்தது. இந்தியா 2012இல் உலக வர்த்தக அமைப்புக்குப் போய், 2014 டிசம்பரில் அந்த அம்சத்தில் தனக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றது.

நம் பாத்திரக் கதைக்கு வருவோம். 2017 செப்டம்பரில் சீன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, சுருள்களுக்கு 18.95 சதவீத வரி வந்தது. மற்ற வரிகளை விட்டுவிட்டால், 100 ரூபாய்த் தகடு ஏறக்குறைய 119 ரூபாய். 1981 முதல் இந்தத் தகட்டை உருட்டிவரும் நம் சேலம் உருக்காலை போன்றவற்றுக்கு இது ஆறுதல். என் மைத்துனர் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பரம திருப்தி.

ஆனால் இதே டில்லியில், வஜீர்பூரில், தகடு வாங்கித் தட்டும் டம்ளரும் செய்யும் பட்டறைகள் ஏராளம். அவர்களுக்குத் தகடுதான் மூலப்பொருள். வரியோ தகட்டுக்கும் சுருளுக்கும் மட்டும். சீனாவில் செய்து முடித்த பாத்திரத்துக்கு இந்த வரி கிடையாது! வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான் என்பேன். வஜீர்பூர் பட்டறை ஒன்றில் கணக்கெழுதும் என் அண்டை வீட்டுக்காரர், தகட்டு விலை ஏறியதும் முதலில் நின்றது ஓவர்டைம் கூலிதான் என்றார். மைத்துனர் வந்திருந்தபோது இருவரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க எனக்குத் தயக்கமாகவே இருந்தது.

இரும்பு, உருக்கு விலையேற்றம் சிறுதொழில்களைப் பாதிக்கிறது என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2021 பட்ஜெட்டில் சொல்லி, பிப்ரவரி 2 முதல் செப்டம்பர் 30 வரை அந்த வரியை நிறுத்தி வைத்தார். 2022 பட்ஜெட்டில் அடியோடு நீக்கினார். விசாரித்துப் பரிந்துரைப்பது வணிக அமைச்சகம். வரி போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது நிதி அமைச்சகம். 2023இல் வரியை மீண்டும் போடலாம் என்று வணிக அமைச்சகத்தின் இயக்ககம் பரிந்துரைத்தது. நிதி அமைச்சகம் அதை ஏற்கவில்லை.